மேசைக்கு ஒரு தட்டு

பிப்ரவரி 6

அப்பாவுக்கு,

அந்தக் கடையில் நான் முதலில் கவனித்தது, எனக்கு முன்னால் போன ஒரு பெண் வாயே திறக்காமல் சாப்பாடு வாங்கியதைத்தான். சுவர் முழுக்கப் படங்கள். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் ஒரு எண். அவள் நான்கு விரலைக் காட்டினாள். கடைக்கார அம்மா தலையை ஆட்டினார். கொஞ்ச நேரத்தில் ஆவி பறக்க ஒரு பெரிய கிண்ணம் வந்துவிட்டது. நான் வாசலிலேயே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்காகவே யாரோ திறந்து வைத்த கடை மாதிரி இருந்தது.

நேற்று போனில் நீங்கள், "அந்தக் கடைக்கு எதுக்குப் போன? யாரு அவன்?" என்று கேட்டீர்கள். போன் அத்தையுடையது. அத்தை பக்கத்திலேயே நின்றார். எனக்கு வழக்கம்போல வாய் வரவில்லை. "பதில் சொல்லலன்னா என்ன அர்த்தம்?" என்று நீங்களே கேட்டு, நீங்களே ஒரு அர்த்தம் எடுத்துக்கொண்டு போனை வைத்துவிட்டீர்கள். பேப்பரில் எனக்கு வாய் வரும். அதனால் எழுதுகிறேன்.

யார் அவன் என்ற கேள்விக்குப் பதில் சுலபம். எனக்குத் தெரியாது. லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர் என்று நினைக்கிறேன். சட்டையின் முதுகில் அப்படி எழுதியிருந்தது. அதைக்கூட அவர் சாப்பிட்டு எழுந்து போகும்போதுதான் படித்தேன். முகம் எப்படி இருந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

எதற்குப் போனேன் என்பதற்குத்தான் நீளமாக எழுத வேண்டும். அது வியட்நாம்காரர்கள் நடத்தும் நூடுல்ஸ் கடை. எங்கள் தையல் கூடத்துக்குப் பின்தெருவில், சாவிக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் இருக்கிறது. சின்ன இடம். பிளாஸ்டிக் ஸ்டூல்கள். தகர டப்பாவில் குச்சிகளும் ஸ்பூன்களும் செருகியிருக்கும். எலும்பு வேகும் அண்டாவின் ஆவியில் முன்பக்கக் கண்ணாடி பாதி மங்கியே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூட்டம் நெரியும். இது உங்கள் மேசை, அது என் மேசை என்ற பேச்சே அங்கே கிடையாது. எந்த ஸ்டூல் காலியோ அதில் கடைக்கார அம்மா தோளைப் பிடித்து உட்கார வைத்துவிடுவார். எதிரில் யார் இருந்தாலும் சரி. அவருக்கு நம் பாஷை தெரியாது, நமக்கு அவருடையது தெரியாது. யாரிடம் போய் மாட்டேன் என்று சொல்வது?

கிண்ணம் ஆளுக்கு ஒன்று. தெளிந்த சூப், அதில் அரிசி நூடுல்ஸ், மேலே கோழித் துண்டுகள். ஆனால் பச்சை இலைகள் வைத்த தட்டு மட்டும் மேசைக்கு ஒன்று. புதினா, மல்லி, ஊதாத் தண்டோடு துளசி மாதிரி ஒரு இலை, முளைவிட்ட பயறு, எலுமிச்சைத் துண்டு, நறுக்கிய மிளகாய். மேசையில் யார் யார் இருக்கிறார்களோ அவரவர் எடுத்துத் தன் கிண்ணத்தில் கிள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். அந்த லிஃப்ட்காரர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு தட்டை என் பக்கம் தள்ளினார். நான் கொஞ்சம் புதினா எடுத்தேன். நடந்தது இவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்து மாமாவின் கூரியர் வேன் சிக்னலில் நின்றிருக்கிறது. மங்கிய கண்ணாடி வழியாக அவருக்குத் தெரிந்தது ஒரு ஆண், ஒரு பெண், நடுவில் ஒரு தட்டு. வீட்டுக்கு வந்து அத்தையிடம், "உன் தம்பி பொண்ணு எவனோடயோ ஒரே தட்டுல சாப்பிடறா" என்று சொல்லிவிட்டார்.

ஒரே தட்டு. அத்தைக்கு அது போதும். நம் வீட்டில் அம்மாகூட உங்கள் தட்டில் கை வைத்து நான் பார்த்ததில்லை. அதனால் அது உங்கள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. ஆனால் அது நடக்கவில்லை.

பதிலைத் தையல் கூடத்து முகவரிக்கு அனுப்புங்கள். அத்தை வீட்டுக்கு வேண்டாம்.

உங்கள் மகள்

*

பிப்ரவரி 11

மகளுக்கு அப்பா எழுதுவது.

உன் கடிதம் வந்தது. பஸ் டிப்போ பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். நீ எழுதியதுதானா என்று சந்தேகம் வந்து, வீட்டுக்குக் கொண்டுபோய் உன் அம்மாவிடம் காட்டினேன். "கையெழுத்து அவளோடதுதான். வாய்தான் யாருதுன்னு தெரியல" என்றாள்.

நீ சொல்வதை நம்புகிறேன். என் பெண்ணை நான் நம்பாமல் யார் நம்புவது? ஆனால் நான் நம்பி என்ன ஆகப் போகிறது? உன் அத்தை எனக்கு மட்டுமா போன் செய்தாள்? உன் பெரியப்பாவுக்குச் செய்தாள். பெரியப்பா வாயில் விழுந்தது நிற்குமா? நேற்று டைம்கீப்பர் என்னைப் பார்த்து, "என்னப்பா, மாப்பிள்ளைய பொண்ணே பாத்துக்கிச்சாமே, செலவு மிச்சம்" என்று சிரிக்கிறான். டிரிப் எடுக்கும் நேரம். டிக்கெட் மிஷினைத் தட்டிக்கொண்டே குனிந்துவிட்டேன். எத்தனையோ வருஷமாக அவன் முகத்தைப் பார்த்துக் கத்துகிறவன் நான். குனிந்தேன்.

அதனால் ஒரு வழி சொல்கிறேன். சுலபமான வழி. இனி அந்தக் கடைக்குப் போக மாட்டேன் என்று ஒரு வரி எழுதி அனுப்பு. உன் கையெழுத்தில் இருக்க வேண்டும். அதை அத்தைக்கும் பெரியப்பாவுக்கும் காட்டிவிடுகிறேன். பேச்சு அடங்கிவிடும். நீ அங்கேயே இருந்து வேலை பார்க்கலாம். எழுதவில்லை என்றால் நானே வந்து கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். வேலையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

யோசித்துப் பார். அத்தை வீட்டில் சாப்பாடா இல்லை? அவள் நேரம் தவறாமல் சமைத்துப் போடுகிறாள். அதை விட்டுவிட்டுப் பெயர் தெரியாத இலையைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு முன்பின் தெரியாதவன் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவதில் உனக்கு என்ன கிடைக்கிறது? ஒரு கிண்ணம் நூடுல்ஸை விட்டால் என்ன குறைந்துவிடும்?

வண்டி எடுக்க நேரமாகிவிட்டது.

அப்பா

அதில் எண்ணெய் நிறைய ஊற்றுவார்களா, உனக்கு ஒத்துக்கொள்கிறதா என்று எழுதச் சொன்னாள். நான் கேட்கவில்லை. உன் அம்மா கேட்கிறாள்.

*

பிப்ரவரி 15

அப்பாவுக்கு,

எண்ணெய் ஊற்றுவதே இல்லை. ஒத்துக்கொள்கிறது. அம்மாவிடம் சொல்லுங்கள்.

அந்த ஒரு வரியை எழுத மாட்டேன்.

போக மாட்டேன் என்று எழுதினால், இதுவரை போனது தப்பு என்று ஆகிவிடும். செய்யாத தப்பை ஒத்துக்கொள்வது எனக்குப் பழக்கமான வேலைதான். பள்ளிக்கூடத்தில் அதைத்தான் செய்தேன். பாடத்தைச் சத்தமாகப் படி என்று டீச்சர் எழுப்பி விடுவார். எழுத்தெல்லாம் எனக்குத் தெரியும், சத்தம் வராது. வீட்டில் படிக்காமல் வந்துவிட்டாள் என்று நிற்க வைப்பார். நானும் படிக்காதவள் மாதிரியே நிற்பேன். உங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். "வாயத் தொறக்காத புள்ளைக்குப் படிப்பு எதுக்கு, விடுங்க" என்று அன்றைக்கே என்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டீர்கள். பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கொடுத்தீர்கள். படிக்கிறாயா, வேண்டாமா என்று என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இப்படி ஒரு கடிதம் எழுதலாம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது.

அங்கே போவதில் என்ன கிடைக்கிறது என்று கேட்டீர்கள். சொல்கிறேன். வாரம் முழுக்க நான் கர்ட்டன் துணிக்கு வளையம் அடிக்கிறேன். மத்தியானம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவோம். கட்டிங் மேசையில் வேலை பார்க்கும் அக்கா நல்லவர்தான். ஆனால் தினமும், "என்னடி, வாய்ல பாபின் சிக்கிக்கிச்சா?" என்று ஆரம்பித்துவிடுவார். எல்லோரும் சிரிப்பார்கள். நான் குனிந்து சோற்றைப் பார்ப்பேன். ராத்திரி அத்தை வீட்டில், "இன்னைக்கு என்ன நடந்துச்சு? யாரு என்ன சொன்னா? ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" என்று அத்தை ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு கேள்வி வைப்பார். பதில் சொல்லாவிட்டால் திமிர். சொன்னால் குரல் கேட்காது, மறுபடியும் சொல்ல வேண்டும்.

அந்தக் கடையில் நான் நான்கு விரலைக் காட்டினால் நாலாம் நம்பர் வருகிறது. யோசித்துப் பாருங்கள் அப்பா. நான் கேட்டது, நான் கேட்டபடி, எனக்கு வருகிறது. இதற்கு முன்னால் எங்கே அப்படி வந்திருக்கிறது? முதல் தடவை எனக்குக் குச்சி பிடிக்கத் தெரியவில்லை. நூடுல்ஸ் வழுக்கி வழுக்கிச் சூப்பில் விழுந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. சொல்லிக்கொடுக்கவும் வரவில்லை. நானாகவே கற்றுக்கொண்டேன். இப்போது கடைசி முளைப்பயறுவரை குச்சியாலேயே எடுப்பேன்.

பேச்சு அடங்க வேண்டும் என்கிறீர்கள். பேச்சு எங்கே ஆரம்பித்தது என்று பார்த்தால் மாமா ஒருவர்தான். அவரும் சிக்னல் விழும்வரைதான் பார்த்திருக்கிறார்.

எதிரில் முன்பின் தெரியாதவன் என்கிறீர்கள். உங்கள் பஸ்ஸில் யார் தெரிந்தவர்? சின்ன வயதில் எத்தனையோ தடவை உங்களோடு டிரிப் வந்திருக்கிறேன். சீட்டில் ஒரு ஆள் உட்கார இடம் இருந்தால், "தள்ளி உக்காருங்க, இது என்ன உங்க வீட்டு ஊஞ்சலா?" என்று சத்தம் போட்டு, நிற்கிறவரை உட்கார வைப்பீர்கள். அதில் யாரும் யாரையும் கட்டிக்கொண்டதாக நான் கேள்விப்படவில்லை.

நடந்தால் சத்தம் வராது என்று நம் வீட்டில் எல்லோரும் என்னைப் பூனை என்கிறீர்கள். பூனை எந்த வீட்டில் போய்ச் சாப்பிட்டது என்று யாராவது அதனிடம் எழுதி வாங்குகிறார்களா?

உங்கள் மகள்

*

பிப்ரவரி 20

மகளுக்கு,

பஸ் வேறு, சாப்பாடு வேறு. பஸ்ஸில் அவனவன் டிக்கெட் அவனவன் கையில். நடுவில் தட்டு கிடையாது. அப்பாவுடைய வேலையை எடுத்து அப்பாவையே அடிக்கும் அளவுக்கு வந்துவிட்டாய். அந்த ஊர்த் தண்ணீர் அப்படி.

உன் கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை. எதைக் காட்டுவது? பூனையைப் பற்றி எழுதியதையா? உன் அம்மா அந்த இடத்தில் சிரித்தாள். நான் முறைத்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். உங்கள் இரண்டு பேருக்கும் இது விளையாட்டு. டிப்போவில் தலை குனிகிறவன் நான்.

மேலே மை அப்பியிருப்பது பள்ளிக்கூடம் பற்றி நீ எழுதியதற்குப் பதில். எழுதினேன். சரியாக வரவில்லை. அடித்துவிட்டேன். ஜன்னல் சீட்டு கொடுத்ததை ஞாபகம் வைத்திருக்கிறாய்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அத்தை நேற்றும் போன் செய்தாள். போன ஞாயிறும் நீ அங்கே போனாயாமே. வேண்டுமென்றே செய்கிறாய். "வயசுப் பொண்ண வச்சுக்கிட்டு நான் எத்தன பேருக்குப் பதில் சொல்றது?" என்று அழுகிறாள். அவள் கேட்பதிலும் ஒன்றும் தப்பில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை லீவு சொல்லியிருக்கிறேன். மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன். துணிமணிகளை எடுத்து வைத்துக்கொண்டு அத்தை வீட்டில் தயாராக இரு. சாயங்கால வண்டியில் திரும்ப வேண்டும். வேலை செய்யும் இடத்தில் சொல்லிவிடு. பேச்சு இத்தோடு முடிந்தது.

அப்பா

*

பிப்ரவரி 23

அப்பாவுக்கு,

துணி எடுத்து வைக்கவில்லை. வேலை செய்யும் இடத்தில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தை வீட்டில் இருக்கவும் மாட்டேன். அது நான் சாப்பிடப் போகும் நேரம்.

என்னைக் கூட்டிக்கொண்டு போவதானால் அங்கே வந்து கூட்டிக்கொண்டு போங்கள். கையைப் பிடித்து இழுத்தால் எனக்குக் கத்தத் தெரியாது, அது உங்களுக்கே தெரியும். இழுத்துக்கொண்டு போய்விடலாம். ஆனால் கிண்ணத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

ஒன்றே ஒன்று. கண்ணாடிக்கு வெளியே நிற்காதீர்கள். வெளியே நின்று பார்த்தால் என்ன தெரியும் என்று ஏற்கெனவே பார்த்துவிட்டோம். உள்ளே வாருங்கள். சுவரில் எந்தப் படம் பிடிக்கிறதோ அந்த எண்ணுக்கு விரலைக் காட்டினால் போதும். குச்சி பிடிக்க வராவிட்டால் டப்பாவில் ஸ்பூன் இருக்கும். பச்சை மிளகாய் முளைப்பயறுக்கு அடியில் ஒளிந்திருக்கும், பார்த்து எடுங்கள். சூப்பைக் கடைசியில் கிண்ணத்தோடு தூக்கிக் குடிக்கலாம். எல்லோரும் அப்படித்தான் குடிக்கிறார்கள்.

தலை குனிந்தேன் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்து நான் அழுதேன். அதையும் எழுதிவிடுகிறேன். ஆனாலும் அந்த ஒரு வரியை எழுத மாட்டேன்.

உங்கள் மகள்

*

மார்ச் 1

பூனைக்கு,

அப்பா வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பாய். வந்தேன்.

வண்டி சீக்கிரமே சேர்ந்துவிட்டது. ஓட்டியது நம்ம டிப்போ பையன், நான் ஏறியிருக்கிறேன் என்று விரட்டிக்கொண்டு போனான். உன்னைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று நேராகக் கடைக்குப் போனேன். சாவிக் கடை, செருப்புக் கடை, நடுவில் இது. நீ இன்னும் வந்திருக்கவில்லை. எதிர்ப்பக்கம் நிற்கலாம் என்றால் வெயில் கொளுத்தியது. வெளியே நிற்கக் கூடாது என்று நீ வேறு எனக்கு உத்தரவு போட்டிருந்தாய். சும்மா கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தேன். அவ்வளவுதான், அந்தம்மா வந்து என் தோளைப் பிடித்துவிட்டாள். "இல்லம்மா, நான் சாப்பிட வரல, என் பொண்ணு ஒருத்தி..." என்றேன். அவளுக்கு என்ன புரியும்? காலமெல்லாம் ஆட்களை உட்கார வைக்கிறவன் நான். என்னை ஒருத்தி உட்கார வைத்துவிட்டாள். அதுவும் கடைசி மூலையில், சமையற்கட்டுக் கதவை ஒட்டி.

எதிரில் ஒரு நர்ஸ். என் வயது இருக்கும். ஷூவைக் கழற்றிவிட்டு, "அப்பாடா" என்று காலை நீட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு வாய் வரவில்லை. சிரிக்காதே. தோளில் பையும் கையில் மிஷினும் இருந்தால் பஸ் நிறைய ஆட்களை அதட்டுவேன். அது இரண்டும் இல்லாமல் தெரியாத பொம்பளை எதிரில் உட்கார்ந்தால் நானும் உன்னை மாதிரிதான். பெண் பார்க்கப் போனபோது நான் ஒரு வார்த்தை பேசாமல் மிக்சர் தட்டை மட்டும் காலி செய்ததை உன் அம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். படத்தைப் பார்த்து ஏதோ விரலைக் காட்டினேன். கோழி என்று நினைத்தேன். இறால் வந்தது.

பிறகு அந்தத் தட்டு வந்தது. ஒரே தட்டு. சரியாக நடுவில் வைத்தார்கள். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்க்காத மாதிரி இருந்தேன். அந்த நர்ஸ் எடுத்துக்கொண்டு தட்டை என் பக்கம் தள்ளினாள். நான் எடுக்கவில்லை. எட்டவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, இன்னும் கொஞ்சம் தள்ளினாள். அப்புறமும் நான் சும்மா இருக்க, "சாப்பிடுங்க சார், உடம்புக்கு நல்லது" என்று அவளே ஒரு கொத்து கிள்ளி என் கிண்ணத்தில் போட்டுவிட்டாள். உன் மாமாவின் வேன் சிக்னலில் நிற்கிறதா என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

அப்போதுதான் நீ உள்ளே வந்தாய். நான் சட்டென்று குனிந்துகொண்டேன். முன்னால் கண்ணாடியை ஒட்டி உட்கார்ந்தாய். விரலைக் காட்டினாய். அந்தம்மா உன்னைப் பார்த்துச் சிரித்தாள், நீயும் சிரித்தாய். உன் எதிரில் ஒருவன் வந்து உட்கார்ந்தான். இவன்தானோ என்று பாதி எழுந்துவிட்டேன். அவன் போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான், போனைப் பார்த்துக்கொண்டே எழுந்து போனான். உன் பக்கம் தலையைத் திருப்பவில்லை. எனக்கு ஒரு பக்கம் நிம்மதி. இன்னொரு பக்கம் கோபம். என் பெண் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள், ஒரு மரியாதைக்காவது பார்த்தால் என்ன?

வீட்டில் நீ எப்போதும் தட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டுதான் சாப்பிடுவாய். அங்கே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாய். தெருவைப் பார்த்தாய், போகிற வருகிற ஆட்களைப் பார்த்தாய். கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தாய். யார் பெற்ற பெண்ணோ என்று இருந்தது. நீ எழுந்து போகும்போது கூப்பிடலாம் என்று நினைத்தேன். வாய் நிறைய நூடுல்ஸ். மிளகாய் வேறு கடிபட்டுக் கண்ணில் தண்ணீர். நீ போய்விட்டாய்.

அத்தை வீட்டுக்கு நான் போகவில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் செய்து, "லீவு கிடைக்கல. ஆனா இனிமே அங்க போக மாட்டேன்னு புள்ள எழுதிக் குடுத்துடுச்சு. விஷயம் முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டேன். பெரியப்பாவுக்கும் அதையே சொல்லிவிட்டேன். டைம்கீப்பர் வாயும் மூடிவிட்டது. நீ உன் வேலையைப் பார்க்கலாம். கடைக்கும் போய்க்கொள். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் என்று அத்தையிடம் சொல்லிவிட்டுப் போ.

சின்னப் பொய்தான். யாருக்கும் நஷ்டமில்லை. நீ பேசாமல் இருந்தால் போதும். பேசாமல் இருப்பது உனக்குக் கஷ்டமா என்ன?

நான் அங்கே வந்ததும், எதிரில் யார் இருந்தார்கள் என்பதும் நமக்குள் இருக்கட்டும். உன் அம்மாவுக்கும் தெரியாது.

அப்பா

*

மார்ச் 6

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைத் தையல் கூடத்தில் துணிக்கட்டின் மேல் உட்கார்ந்து படித்தேன். நர்ஸ் வந்த இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். எல்லோரும் மிஷினை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் சிரிப்பு எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

கடைசிப் பகுதிக்கு வந்ததும் சிரிப்பு போய்விட்டது. பேசாமல் இருப்பது எனக்குக் கஷ்டமே இல்லை. அதனால்தான் எல்லோரும் அதையே என்னிடம் கேட்கிறீர்கள். நான் பேசாமல் இருந்ததால் படிக்காதவள் ஆனேன். போனில் பேசாமல் இருந்ததால் யாரோ ஒருவரோடு சுற்றுகிறவள் ஆனேன். இப்போது பேசாமல் இருந்தால் எழுதாத வரியை எழுதியவள் ஆகிவிடுவேன்.

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது அத்தை, "அப்பா எல்லாம் சொன்னாரு. எழுதிக் குடுத்துட்டியாமே. இப்பதான் நீ எங்க வீட்டுப் பொண்ணு" என்று சொல்லிக் கேட்காமலே இன்னொரு கரண்டி சோறு வைத்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு என் தலையைத் தடவினார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

"நான் எழுதல அத்தை" என்றேன்.

"என்ன எழுதல?"

"போக மாட்டேன்னு எழுதல. போவேன். இந்த ஞாயித்துக்கிழமையும் போவேன்."

மாமா கையை உதறிக்கொண்டு, "ஏய், பூனை பேசுதுடி!" என்றார். அத்தை சிரிக்கவில்லை. "அப்ப உங்கப்பா எங்கிட்ட பொய் சொன்னாரா?" என்று கேட்டார்.

"என்னைக் காப்பாத்தறதுக்காகச் சொன்னாரு. காப்பாத்தச் சொல்லி நான் கேக்கல" என்றேன். பிறகு மாமாவிடம் திரும்பினேன். "நீங்க பாத்தது ஒரு தட்டு மாமா. அதுல இருந்தது புதினா. வேன விட்டு எறங்கி உள்ள வந்திருந்தீங்கன்னா, உங்களையும் எங்க மேசையிலயே புடிச்சு உக்கார வெச்சிருப்பாங்க. நீங்களும் அதுலதான் எடுத்திருப்பீங்க."

"நான் கண்ணால பாத்ததத்தானே சொன்னேன்" என்று மாமா தட்டைப் பார்த்து முணுமுணுத்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். நர்ஸைப் பற்றி மூச்சு விடவில்லை. அது உங்கள் விஷயம்.

அத்தை என்னைப் போகச் சொல்லவில்லை. அப்படி எழுதினால் அது அநியாயம். "இந்த வீட்ல இருந்தா என் பேச்சக் கேட்டுத்தான் இருக்கணும். நாளைக்கு ஒண்ணுன்னா நான்தானே பதில் சொல்லணும்?" என்றுதான் சொன்னார். அவர் வீடு, அவர் சொல்வதும் சரிதான். அவர் பேச்சைக் கேட்க என்னால் முடியாது என்பதும் சரிதான். இரண்டையும் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கப் புரண்டேன்.

காலையில் கட்டிங் அக்காவிடம், அவர் தங்கியிருக்கும் பெண்கள் விடுதியில் இடம் இருக்கிறதா என்று கேட்டேன். நானாக அவரிடம் போய்க் கேட்ட முதல் கேள்வி அதுதான். அவர் கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, கிண்டல் எதுவும் செய்யாமல், "வா, கேப்போம்" என்று மத்தியானமே கூட்டிக்கொண்டு போனார். வாசல்வரை வந்துவிட்டு, "உனக்காக நான் பேச மாட்டேன், நீயே பேசு" என்று நின்றுவிட்டார்.

வார்டன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். "என்ன வேணும்?" என்றார். சொன்னேன். "கேக்கல, சத்தமா சொல்லும்மா" என்றார். எனக்கு டீச்சர் ஞாபகம் வந்தது. அப்போது மாதிரி நின்றேன். பிறகு, "எனக்கு இங்க ஒரு கட்டில் வேணும். நான் வேலை பாக்கறேன். பதினெட்டு வயசு முடிஞ்சிடுச்சு" என்றேன். பக்கத்து அறையிலிருந்து ஒரு பெண் யார் கத்துவது என்று எட்டிப் பார்த்தாள். அவ்வளவு சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது.

நீங்கள் கோபப்படுவீர்கள். டைம்கீப்பர் மறுபடியும் ஏதாவது சொல்வார். குனியாதீர்கள் அப்பா. என் பொண்ணு தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள், அதற்கென்ன என்று கேளுங்கள். கேட்க முடியாவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் எனக்காக இனிமேல் எதையும் சொல்லிவிடாதீர்கள். சொல்ல வேண்டியதை நான் சொல்லிக்கொள்கிறேன்.

நேற்று சாயங்காலம் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அத்தை தெருமுனைவரை கூடவே வந்தார். மாமா வேனில் கொண்டுவிடுகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினேன்.

விடுதி முகவரியை உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

உங்கள் மகள்